அடுப்பும் ஆகாயமும்: காவலூரில் ஒரு டோநட் கடைக்கு அனுமதி கேட்டால்

பேக்கரி மாஸ்டருக்கு நாள் தொடங்குவது நள்ளிரவு தாண்டித்தான். மாவைப் பிசைய வேண்டும், ஈஸ்ட் வேலை செய்யும்வரை காத்திருக்க வேண்டும். உப்பியதை அழுத்திக் காற்றை வெளியேற்றி மறுபடி உப்பவிட்டு, ட்ரேயில் அடுக்கி ஓவனுக்குள் தள்ள வேண்டும். முதல் பேருந்துக்கு நிற்பவர் கையில் சூடான பன் போய்ச் சேர வேண்டுமானால் இரண்டு மணிக்கெல்லாம் கடைக்குள் விளக்கு எரிந்தாக வேண்டும். ஊர் உறங்கும் நேரத்தில் நடக்கும் தொழில் இது.

அதே நேரத்தில் விழித்திருக்கும் இன்னொரு கூட்டம் காவலூரில் இருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால், கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே வெள்ளைக் கவிகைகள் தெரியும். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அது. 1960களின் இறுதியில் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கிய இடம். 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரி 6-ஆம் தேதி, 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியை அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பது 1977 மார்ச் 10 இரவில் தெரியவந்தபோது, அந்த இரவின் பதிவுகளில் காவலூருடையதும் ஒன்று. கணித மேதை ராமானுஜன் பெயரைத் தாங்கிய 4130-ஆம் எண் சிறுகோளும் 1988-ல் இங்கிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த ஊரில், வானாய்வகத்துக்குப் போகும் சாலையோரம் ஒருவர் டோநட் கடை போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் மாவு பிசையும் மெஷின், ஓவன், எண்ணெய்ச் சட்டி, வாசலில் பெயர்ப்பலகை. சனிக்கிழமைகளில் வானாய்வகம் பார்க்க வருவோரை நம்பிய கணக்கு. அப்படி ஒரு மனு உண்மையில் வந்ததென்று சொல்லவில்லை. நம் நிலப்பயன்பாட்டு விதிகள் எதைப் பார்க்கின்றன, எதைப் பார்க்கத் தவறுகின்றன என்று சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான உரைகல் கிடைக்காது என்பதால் இந்தக் கற்பனை மனுதாரரைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அவர் சந்திக்கும் முதல் சிக்கல் பெயர். டோநட் பேக்கரிப் பண்டமா, எண்ணெய்ப் பலகாரமா? மேல்நாட்டு வழக்கப்படி அது பேக்கரியின் பிள்ளை. ஆனால் பெரும்பாலான டோநட் ஓவனுக்குள் போவதே இல்லை, கொதிக்கும் எண்ணெயில்தான் வேகிறது. ஈஸ்ட் போட்ட மாவு, நடுவில் துளை, எண்ணெய்க் குளியல், மேலே சர்க்கரைப் பூச்சு. துளை எதற்கென்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்: உளுந்து வடைக்கு எதற்கோ அதற்கே, நடுப்பகுதி வேகாமல் நின்றுவிடக்கூடாது. ஐ.நா. ஆதரவு பெற்ற கோடெக்ஸ் உணவுத் தர அமைப்பு டோநட்டை 07.2.2 என்ற எண்ணில் பேக்கரிப் பண்டங்களோடு சேர்த்துவைத்திருக்கிறது. வடை அந்தப் பட்டியலில் வராது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்க முடியாது, கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது. 'மேட் ஓவர் டோநட்ஸ்' கடைகளை நடத்தும் நிறுவனத்துக்கு ஜிஎஸ்டி புலனாய்வுத் துறை அனுப்பிய நோட்டீஸ் 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போனது. கடையில் டோநட் விற்பது உணவக சேவை, அதற்கு 5 சதவீதம் வரி என்றது நிறுவனம். அது பேக்கரிப் பொருள் விற்பனை, 18 சதவீதம் என்றது துறை. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் கோவையில் அன்னபூர்ணா ஓட்டல் உரிமையாளர் சீனிவாசன் நிதியமைச்சரிடம் பன்னுக்கும் க்ரீமுக்கும் உள்ள வரி வேறுபாட்டைச் சொல்லிச் சிரிக்கவைத்தது தமிழ்நாடெங்கும் பேச்சானது. அப்போது வெறும் பன்னுக்கு ஒரு வரி, உள்ளே க்ரீம் தடவினால் வேறொன்று. வரித்துறை பொருளின் பெயரைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்துச் சிரித்தோம். நிலப்பயன்பாட்டு விதிகளும் அதே பழக்கத்தில்தான் ஊறியிருக்கின்றன என்பதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

மனிதர்கள் அக்கம்பக்கத்து அடுமனையைக் கண்டு பயந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. 1666 செப்டம்பர் 2-ஆம் தேதி அதிகாலை, லண்டன் புட்டிங் சந்தில் இருந்த தாமஸ் ஃபாரினரின் ரொட்டிக்கடையில் பிடித்த தீ நான்கு நாளில் நகரத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. பிறகு எழுந்த லண்டன் செங்கல்லிலும் கல்லிலும் எழுந்தது, மர வீடு கட்டத் தடை வந்தது. அமெரிக்காவில் பயம் வேறு வடிவம் எடுத்தது. நியூயார்க்கில் பேக்கரிகள் அடுக்குமாடிகளின் நிலவறையில், சாக்கடைக் குழாய்களுக்கு அடியில் நடந்தன. 1895-ல் அம்மாநிலம் பேக்கரிச் சட்டம் ஒன்றை இயற்றிச் சுகாதாரத்தைக் கட்டாயமாக்கியது. தொழிலாளிக்கு நாளுக்குப் பத்து, வாரத்துக்கு அறுபது மணி நேரம் என்று வரம்பும் வைத்தது. 1905-ல் லாக்னர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நேர வரம்பை ரத்து செய்துவிட்டது. சுகாதார விதிகள் நின்றன. கட்டடத்தைக் கட்டுப்படுத்தலாம், உள்ளே வேலை செய்கிறவனின் இரவைத் தொடக்கூடாது என்பதுதான் அன்றைய தீர்ப்பின் சாரம்.

மண்டலம் பிரிக்கும் முறை அதற்குப் பிறகு வந்தது. நியூயார்க் நகரம் 1916-ல் முழு நகரத்துக்கும் மண்டல விதி வகுத்தது. 1926-ல் ஒஹாயோவின் யூக்ளிட் கிராமத்துக்கும் ஆம்ப்ளர் என்ற நில நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மண்டலப் பிரிப்பு செல்லும் என்றது. தொழுவத்தில் இருந்தால் குற்றமில்லாத பன்றி வரவேற்பறைக்கு வந்தால் தொல்லையாகிவிடும் என்று நீதிபதி சதர்லண்ட் சொன்ன உவமை இன்றும் சட்டக் கல்லூரிகளில் புழங்குகிறது. உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் வளரும் ஆட்டுக்குட்டியையும் திண்ணையில் நடக்கும் இட்லிக் கடையையும் பார்த்து வளர்ந்த நமக்கு வரவேற்பறைக்கும் தொழுவத்துக்கும் நடுவே அவ்வளவு கனமான சுவர் இருந்ததில்லை.

சென்னை மாகாணத்தில் 1920-லேயே நகரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. இன்று நடப்பில் இருப்பது 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்கீழ் முழுமைத் திட்டங்கள் தயாராகின்றன, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் விழுகிறது. சென்னைக்கு 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற இரண்டாம் முழுமைத் திட்டத்தில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழிற்சாலை, வேளாண்மை என்று மண்டலங்கள் வரிசையாக நிற்கும். கட்டட விதிகளை மாநிலம் முழுமைக்கும் ஒன்றாக்கியது 2019 பிப்ரவரி 4-ஆம் தேதி வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். முதன்மைக் குடியிருப்பு மண்டலத்தில் பெட்டிக்கடை, தையற்கடை அளவுக்கு இடம் உண்டு. கலப்புக் குடியிருப்பு கொஞ்சம் தாராளம். சிறுதொழில் என்று வந்துவிட்டால் விதி கேட்கும் முக்கியமான கேள்வி, மின்மோட்டார் எத்தனை குதிரைத்திறன்?

இந்தக் குதிரைத்திறன் கணக்கு விசித்திரமானது. மாவு அரைக்கும் மில்லுக்கும் மரம் அறுக்கும் பட்டறைக்கும் அது பொருந்தும். அங்கே தொல்லைக்கும் மோட்டாருக்கும் நேரடி உறவு உண்டு. பேக்கரியில் மோட்டார் என்பது மாவு பிசையும் மெஷின்தான். சிறு கடைக்கு ஒன்றிரண்டு குதிரைத்திறன் போதும். ஓவன் எரிவாயுவில் எரிந்தால் கணக்கில் வராது. விறகில் எரிந்தால் சுத்தமாகப் பூஜ்யம். ஊரையே புகையில் மூழ்கடிக்கும் விறகுச் சூளை குதிரைத்திறன் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கித் தேறிவிடும், புகையே விடாத மின்சார ஓவன் தடுமாறும். இயந்திர யுகத்தின் தொல்லையை அளக்கச் செய்த அளவுகோலை அடுப்பு யுகத்தின் தொல்லைக்கும் நீட்டினால் இப்படித்தான் ஆகும்.

புகையை நேரடியாகப் பார்க்கும் கண் வேறொரு அலுவலகத்தில் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016 மார்ச்சில் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்தபோது, நாளொன்றுக்கு ஒரு டன்னுக்குக் குறைவாக, எரிவாயு அல்லது மின்சார ஓவனில் தயாரிக்கும் பேக்கரியைப் பச்சையில் வைத்தது. ஒரு டன்னுக்கு மேற்பட்டது ஆரஞ்சு. இந்த ஒரு வரியில் அளவும் எரிபொருளும் சேர்ந்தே வருகின்றன. மண்டல விதிகளில் இல்லாத நிதானம் இதில் இருக்கிறது என்றே சொல்வேன். ஆனால் மண்டலம் தீர்மானிக்கிறவரும் மாசு பார்க்கிறவரும் வெவ்வேறு துறை. ஒருவர் தாளை மற்றவர் படிப்பது மனுதாரர் அதைக் கையில் எடுத்துப்போனால்தான்.

எரிபொருள் எவ்வளவு முக்கியம் என்பதை மும்பை காட்டியது. அந்நகரத்தின் பாவ் ரொட்டியில் கணிசமான பங்கு பழைய விறகுச் சூளைகளில் வெந்துவந்தது. பம்பாய் சுற்றுச்சூழல் செயல் குழு சுமார் 200 பேக்கரிகளை ஆராய்ந்ததில் ஏறத்தாழப் பாதி விறகை நம்பியிருந்தது தெரிந்தது. விறகு என்றால் காட்டு மரம் மட்டுமில்லை. உடைத்த பழைய மேசை நாற்காலி, பெயின்ட் பூசிய பலகை, பிளைவுட் துண்டு எல்லாம் அதில் அடக்கம். மலிவாகக் கிடைக்கிறது, எரிகிறது, அதன் புகை மாடி வீட்டு ஜன்னலுக்குள் போகிறது. காற்று மாசு குறித்துத் தானாக எடுத்த வழக்கில் 2025 ஜனவரி 9-ஆம் தேதி பம்பாய் உயர் நீதிமன்றம், விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் எரிவாயு போன்ற தூய எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. தலைமுறைகளாகச் சூளை வைத்திருந்த இரானி பேக்கரிக்காரர்கள் ரொட்டியின் மேல்தோலும் மணமும் போய்விடும் என்று வருந்தினார்கள். வருத்தம் பொய்யில்லை. ஆனாலும் மேல்வீட்டுக் குழந்தையின் நுரையீரலை ரொட்டியின் மணத்தோடு ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கவனிப்பது வேறொன்று: நீதிமன்றம் பேக்கரிகளை ஊரைவிட்டுத் துரத்தவில்லை, தொழிலின் பெயரையும் தொடவில்லை. அடுப்பை மாற்றச் சொன்னது, அவ்வளவே.

இப்போது மலைக்கு வருவோம். ஜவ்வாது மலையில் விறகு என்பது சந்தையில் வாங்கும் பொருள் இல்லை, காடு. காப்புக்காட்டிலிருந்து வணிகத்துக்கு மரம் எடுக்க 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் இடம் தராது. ஆகவே நம் மனுதாரருக்கு விறகுச் சூளை ஆரம்பத்திலேயே விலகிப்போகிறது. எரிவாயு என்றால் 19 கிலோ வணிக சிலிண்டர். 100 கிலோ வரை இருப்பு வைக்கத் தனி உரிமம் வேண்டாம் என்பதால் ஐந்து சிலிண்டர் வரை தொல்லையில்லை, ஆறாவது வந்தால் வெடிபொருள் துறையின் வாசலுக்குப் போக வேண்டும். மலைப்பாதையில் சிலிண்டர் வண்டி எந்த நாளில் ஏறும் என்பது சட்டத்தில் இல்லாத கேள்வி, கடைக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வியும் அதுதான்.

அடுத்தது நிலம். மலைப்பகுதிகளுக்கென்று 1990-ல் அமைந்த மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அந்த வருவாய்க் கிராமம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் துறைகளின் கருத்து இல்லாமல் கோப்பு நகராது. மண்சரிவுக்கும் மரவெட்டுக்கும் பயந்து போட்ட வேலி அது, தேவையான வேலி. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வேலிக்குள்ளேயே என்ன நடந்தது என்பது வேறு கதை.

மனுதாரர் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவராகவும், நிலம் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைத்ததாகவும் இருந்தால் நிலைமை இன்னும் நுட்பமாகிறது. அந்த உரிமை வாரிசுக்குப் போகும், விற்கவோ மாற்றவோ முடியாது. ஆகவே வங்கி அதை அடமானமாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. வனநிலத்தை ஊர்த் தேவைக்கு மாற்ற அதே சட்டம் 13 வகை வசதிகளைப் பட்டியலிடுகிறது: பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக்கூடம் என்று. ரேஷன் அரிசிக்கு இடம் உண்டு, ரொட்டிக்கு இல்லை. சட்டம் எழுதியவர்கள் பழங்குடி ஊர் ஒன்றை மனதில் வரைந்தபோது அதில் கல்லாப்பெட்டி இருக்கவில்லை போலும். சாமையும் புளியும் தேனும் விளையும் இந்த மலையில், அவற்றைக் கீழே அனுப்பிவிட்டுக் கீழிருந்து வரும் பன்னை வாங்கித் தின்பதுதான் இயற்கை என்று எண்ணிவிட்டார்கள். டோநட் கடையை நான் உதாரணமாக எடுத்ததைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அதை சாமை பிஸ்கட் செய்யும் மகளிர் குழுவின் ஓவன் என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம். கேட்கும் அனுமதிகள் பெரும்பாலும் அவையேதான்.

இனி நேரம். பேக்கரியின் வேலைநேரம் இரவு என்று தொடங்கினேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் ஒலி அளவு 45 டெசிபல். பகலில் 55. பிசையும் மெஷினின் கடகடப்பும் ட்ரே மோதும் ஓசையும் இரவு வரம்பைச் சுலபமாகத் தாண்டும், மலையின் நிசப்தத்தில் இன்னும் கூடுதலாகவே கேட்கும். ஜெர்மனி இந்தச் சிக்கலை ஒரே வெட்டாக வெட்டியது. 1915-ல், போர்க்காலத்தில், இரவில் ரொட்டி சுடவே தடை போட்டது. மாவைச் சேமிக்கப் போட்ட தடை, தொழிலாளியின் தூக்கத்தைக் காக்கும் விதியாக மாறி 1996 வரை நீடித்தது. ஒரு தொழிலை எங்கே நடத்துவது என்று கேட்காமல் எப்போது நடத்துவது என்று கேட்ட சட்டம் அது. இந்திய மண்டல வரைபடத்தில் நிறம் உண்டு, கடிகாரம் இல்லை.

காவலூரில் கடிகாரம்தான் முக்கியம். வானாய்வகத்துக்குப் பகலில் நூறு பேக்கரி நடந்தாலும் நட்டமில்லை. இரவில் ஒரே ஒரு பெயர்ப்பலகை போதும் கெடுக்க. விளக்கின் ஒளி நேரே தொலைநோக்கிக்குள் போவதால் மட்டும் அல்ல. மேல்நோக்கிப் போகும் ஒளி காற்றில் உள்ள மூலக்கூறுகளிலும் தூசியிலும் புகையிலும் பட்டுச் சிதறி, வானத்தின் கருமையை வெளுக்கச் செய்கிறது. மங்கலான விண்மீன் கூட்டத்தின் ஒளி அந்த வெளுப்பில் கரைந்துவிடும். நீல ஒளி கூடுதலாகச் சிதறும். அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்பது கணக்கு. 600 நானோமீட்டர் ஆரஞ்சு ஒளியைவிட 450 நானோமீட்டர் நீல ஒளி மூன்று மடங்குக்கு மேல் சிதறுகிறது. இன்று கடைவீதிகளில் பளீரென்று எரியும் வெள்ளை எல்இடி விளக்குகளில் நீலத்தின் பங்கு அதிகம். பழைய குண்டு பல்பு வானியலாளருக்கு நண்பன் என்று சொல்ல முடியாது, ஆனால் இவ்வளவு பகைவன் இல்லை.

தூரத்தின் கணக்கு இன்னும் சுவையானது. அமெரிக்க வானியலாளர் மெர்ல் வாக்கர் 1970களில் கலிஃபோர்னிய நகரங்களை அளந்து ஒரு விதி சொன்னார். ஊரின் ஒளியால் வானம் வெளுக்கும் அளவு, தூரம் கூடக்கூட அதன் இரண்டரை அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஊர்களுக்காகச் சொன்ன விதியை ஒரு கடைக்குப் பொருத்துவது தோராயம்தான், இருந்தாலும் போட்டுப் பார்ப்போம். 30-இன் இரண்டரை அடுக்கு ஏறத்தாழ 4,930. அதாவது கவிகைக்கு ஒரு கிலோமீட்டரில் எரியும் ஒரு விளக்கு, 30 கிலோமீட்டர் தள்ளி எரியும் அதேபோன்ற ஐயாயிரம் விளக்குக்குச் சமம். சமவெளியில் உள்ள தோல் தொழிற்சாலை நகரங்களின் வெளிச்சத்தைக் குறைகூறுவதற்கு முன்னால், வாசலில் உள்ள ஒற்றை பல்புக்கு மூடி போட்டால் கிடைக்கும் பலன் அதிகம். செலவும் குறைவு.

நம் சட்டத்துக்கு இந்த வகைச் சிந்தனை புதிதல்ல. விமானநிலையத்தைச் சுற்றிக் கட்டட உயரத்துக்குத் தூரத்தைப் பொறுத்து வரம்பு உண்டு. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று 2010-ல் திருத்தம் வந்தது. ஒளிக்கென்று அப்படியொரு மத்தியச் சட்டம் இந்தியாவில் இல்லை. உலகில் பார்த்தால், அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958-லேயே லோவல் வானாய்வகத்துக்காக விளம்பரத் தேடொளி விளக்குகளுக்குத் தடை விதித்தது. ஸ்பெயின் 1988-ல் லா பால்மா தீவின் இரவு வானத்துக்காகத் தனிச் சட்டம் இயற்றியது. மக்கள் அதை வானச் சட்டம் என்றே அழைக்கிறார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் லடாக்கின் ஹான்லே. காவலூரை நடத்தும் அதே நிறுவனத்தின் இன்னொரு வானாய்வகம் அங்கே இருக்கிறது. 2022-ல் லடாக் நிர்வாகம், லே மலை வளர்ச்சி மன்றம், இந்திய வான் இயற்பியல் நிறுவனம் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. அவ்வாண்டு டிசம்பரில் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வீடுகளுக்குக் கனத்த திரைச்சீலையும் விளக்குகளுக்கு மூடியும் தந்தார்கள். ஊர் இளைஞர்களுக்குச் சிறு தொலைநோக்கி கொடுத்து, வருகிறவர்களுக்கு வானம் காட்டப் பயிற்சி அளித்தார்கள். இருட்டே அவர்களுக்குப் பிழைப்பானது. ஹான்லே ஆள் அரவம் குறைந்த பனிப் பாலைவனம், காவலூரோ மூன்று பக்கமும் ஊர்கள் நெருங்கும் தமிழ்நாட்டு மலை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு சரிதான். முழு மலையையும் இருட்டாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. மலைக்குள் பல குக்கிராமங்களுக்கு வெளிச்சம் வந்ததே தாமதமாகத்தான். வானியலாளருக்காக அங்கே தெருவிளக்கை அணைக்கச் சொல்ல எவருக்கும் தார்மீக உரிமை கிடையாது. மூடி போட்ட, கீழ்நோக்கிய, மஞ்சள் சாயல் விளக்கைக் கொடுப்பதில் அந்தத் தர்மசங்கடமே இல்லை, தெருவிலும் கூடுதல் வெளிச்சம் விழும்.

கடைக்காரர் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். 2025 ஜூலையில் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தொழில் உரிமத்துக்கான புதிய விதிகள் வந்தபோது, கிராமத்து டீக்கடைக்கும் லைசென்ஸா என்று வணிகர் சங்கங்கள் கொதித்தன. அரசு அதை நிறுத்திவைத்தது. ஊராட்சிச் சட்டத்தில் 1994 முதலே உரிமத்துக்கு வழி இருக்கிறது என்பது உண்மை. மக்கள் கொதித்தது கட்டணத்துக்காக மட்டும் இல்லை, இன்னொரு வாசலில் இன்னொரு கும்பிடு போட வேண்டியிருக்கிறதே என்பதற்காக. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை, 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவரை இணையத்தில் உடனடி அனுமதியோடு அனுப்பிவைக்கிறது. அதே அளவு இடத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து ஓவன் வைக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. ஊராட்சி, உணவுப் பாதுகாப்பு, மாசு வாரியம், மின்வாரியம், பட்டியலில் இருந்தால் மலைக் குழுமம் என்று அவர் ஏறி இறங்க வேண்டும். ஐந்து அலுவலகமும் அவரிடம் கேட்பவற்றில் பாதி ஒன்றேதான். எவரும் கேட்காதது, உன் வாசல் விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது.

எண்ணெயையும் விட்டுவிடக்கூடாது, டோநட்டின் உயிர் அதில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதம் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதித்தது. தாண்டிய எண்ணெயை எங்கே கொட்டுவது? நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பயன்படுத்துகிறவர்கள் கணக்கு எழுதி, சேகரிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். நம் மனுதாரர் ஐந்து லிட்டர் ஆசாமி. அவருடைய பழைய எண்ணெய் மலையின் ஓடைக்குப் போகுமா, தட்டுக்கடைக்கு விலைக்குப் போகுமா என்பதை மண்டல வரைபடம் சொல்லாது.

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, அனுமதி கொடுக்கலாம், மறுக்கலாம், நிபந்தனையோடும் கொடுக்கலாம் என்கிறது. நிபந்தனை என்ற அந்தச் சொல்லைக் கார் நிறுத்துமிடத்துக்கும் பக்க இடைவெளிக்குமே செலவழித்துப் பழகிவிட்டோம். நிபந்தனையை மீறினால் என்ன ஆகும் என்பதில் நீதிமன்றங்கள் மென்மையாக இருந்ததில்லை. உடுப்பியில் குடியிருப்புப் பகுதியில் எழுந்த திரையரங்கை எதிர்த்து அப்பகுதிவாசி ஒருவர் தொடர்ந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1974-ல், திட்டத்தை மீற நகராட்சிக்கே அதிகாரம் இல்லை, கட்டியவர் பணம் செலவழித்துவிட்டார் என்பது காரணமாகாது என்று சொல்லிவிட்டது. அக்கம்பக்கத்தாருக்கு வழக்குப் போட உரிமை உண்டு என்பதும் அதில் நிலைபெற்றது. வானாய்வகமும் ஓர் அக்கம்பக்கத்தார்தான்.

ஆகவே காவலூர்க் கடைக்கு எழுத வேண்டிய உத்தரவு அரைப்பக்கத்தில் அடங்கும். ஓவன் மின்சாரத்திலோ எரிவாயுவிலோ எரிய வேண்டும். எண்ணெய்ச் சட்டிக்கு மேலே புகைப்போக்கியும் வடிகட்டியும் வேண்டும். வெளி விளக்குகள் மேல்பக்கம் முழுக்க மூடியவையாக, 3,000 கெல்வினுக்கு மேற்படாத நிறத்தில் இருக்க வேண்டும். பெயர்ப்பலகைக்கு உள்ளிருந்து எரியும் விளக்கு கூடாது. பத்து மணிக்கு மேல் வேலை நடக்கும் அறையின் ஜன்னலில் கனத்த திரை விழ வேண்டும். மெஷினுக்கு அடியில் ரப்பர் மெத்தை வேண்டும். பழைய எண்ணெய் ஆலங்காயத்துக்கு வாரம் ஒருமுறை இறங்க வேண்டும். இதை எழுத முதலீடு வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம், வானாய்வகத்திலிருந்து ஒருவரும் ஊராட்சியிலிருந்து ஒருவரும் ஒரு மதியம் உட்கார்ந்தால் போதும். கடைக்காரரையும் உட்காரவைத்தால் டீயும் கிடைக்கும்.

மேகம் சூழும் பருவமழை மாதங்களில் கவிகைகள் பல இரவுகள் மூடியே கிடக்கும். அந்த இரவுகளில் பலகை விளக்கு எரியலாமா என்று கடைக்காரர் நிச்சயம் கேட்பார். அதற்கு என்ன பதில் எழுதுவது என்பதை அந்த மதியத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.